பட்டமும் காவலும்

(குடியரசு நாளன்று கொடியேற்றம் முடிந்ததும், நம் குடியிருப்பின் கார் நிறுத்தும் தளத்தில் நான் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.)



கொடி ஏற்றியாயிற்று. மிட்டாயும் கொடுத்தாயிற்று. "பத்து நிமிஷம் பேசுங்க சார், போதும்" என்றார் செயலாளர். வங்கியில் பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நாற்காலியில் கொஞ்சம் வசதியாகவே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். பதவி உயர்வு வந்தபோது, வெளியூர் மாற்றலுக்குப் பயந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டம், பதவி, பரம்பரை மரியாதை பற்றிப் பேச இப்படிப்பட்ட ஆள்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இந்தத் தலைப்பு எனக்கு வந்தது என் பேரனால். போன வருஷம் மகள் வீட்டில், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில், மூன்று மாதம் இருந்தேன். பேரன் நாலாம் வகுப்பு. அந்த நாட்டுப் பிரபுக்களின் பட்டங்களை ஒரு அட்டையில் வரிசையாக எழுதி, கலர் அடித்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே டியூக். அதற்குக் கீழே மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட். கடைசியாக லார்ட் ஆஃப் பார்லிமென்ட். ஐந்து படிகள். இங்கிலாந்தில் ஐந்தாம் படிக்கு பேரன் என்று பெயர். ஸ்காட்லாந்தில் அந்தச் சொல் வேறு பொருளில் வழங்குகிறது. நம் பேரனுக்கும் அந்த பேரனுக்கும் சம்பந்தம் இல்லை!

அட்டையை முடித்துவிட்டு அவன் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊர்ல டியூக் இருக்காங்களா?"

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. இருந்தார்கள். நம் சின்னாளப்பட்டியைச் சுற்றியே இருந்தார்கள். அவர்கள் ஏன் இருந்தார்கள், ஏன் இல்லாமல் போனார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். முடிவில் நம் குடியிருப்பு விஷயம் ஒன்றும் இருக்கிறது.

சுற்றிலும் பாளையங்கள்

நம் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே சிறுமலை தெரியும். மேற்குப் பக்கம் போனால் கன்னிவாடி. தெற்கே கொடைரோடு ரயில் நிலையத்தை ஒட்டி அம்மையநாயக்கனூர். அதைத் தாண்டி நிலக்கோட்டை. பழனி சாலையில் விருப்பாட்சி, ஆயக்குடி. ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே இடையகோட்டை. பஸ்ஸின் முன் பலகையில் நாம் தினம் படிக்கும் ஊர்கள். ஒரு காலத்தில் இவை எல்லாமே பாளையங்கள்.

மதுரையில் 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று படித்திருக்கிறோம். மதுரைக் கோட்டையின் ஒவ்வொரு கொத்தளத்துக்கும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு. பட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்.

நான் வணிகவியல் படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பாளையக்காரர் பட்டத்தையும் அப்படி எழுதிப் பார்த்தேன்.

வரவுப் பக்கத்தில் நிலம், வரி வசூல், பல்லக்கு, பரிவட்டம், கோயிலில் முதல் மரியாதை.

பற்றுப் பக்கம் என்ன? வசூலில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்குக் கட்ட வேண்டும். இன்னொரு பங்கில் படை வைத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் போருக்குப் போக வேண்டும். மிச்ச மூன்றில் ஒரு பங்குதான் தனக்கு. இதற்கு மேல் காவல். ஊர்க்காவலுக்கு ஸ்தலக்காவல், வட்டாரக் காவலுக்குத் தேசக்காவல் என்று பெயர். அதற்குத் தனி வரி உண்டு. ஆனால் அந்த வரி சும்மா வரவில்லை. ஊரில் களவு போனால் திருடனைப் பிடித்துப் பொருளை மீட்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் இழந்தவனுக்குக் காவல்காரர் ஈடு கட்ட வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், போலீசும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த ஒரு வேலை.

எல்லாப் பாளையக்காரரும் யோக்கியமாக நடந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காவல் வரியை மிரட்டி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் கணக்கில் இரண்டு பக்கமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சில பட்டங்களின் பெயரிலேயே கடமை இருக்கிறது. ராமநாதபுரம் மன்னருக்குச் சேதுபதி என்று பெயர். சேதுவுக்குக் காவலர், அதாவது ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களின் வழிக்குக் காவல். 17-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படை வந்து மூக்கறுத்த போரில் ரகுநாத சேதுபதி ஓடி வந்து உதவினார். அதற்காகத் திருமலை நாயக்கர் தன் பெயரையே சேர்த்து அவருக்குத் திருமலை சேதுபதி என்று பட்டம் கொடுத்தார். கப்பத்தையும் தள்ளுபடி செய்தார்.

எடின்பரோவில் பேரனின் புத்தகத்தைப் புரட்டியபோது அங்கும் கதை இதேதான் என்று தெரிந்தது. டியூக் என்ற சொல்லுக்கு மூலம் படைத்தலைவன். மார்க்வெஸ் என்றால் எல்லைப் பகுதியைக் காப்பவர். ஸ்காட்லாந்தில் ஏர்ல் என்ற பெயர் வருவதற்கு முன்னால் மார்மேர் என்று ஒருவர் இருந்தார். ஒரு சீமைக்குத் தலைவர். போர் வந்தால் அந்தச் சீமைப் படையை நடத்திப் போவது அவர் வேலை. ஆக அங்கேயும் பட்டம் என்பது முதலில் ஒரு காவல் வேலை. மரியாதை பின்னால் ஒட்டிக்கொண்டது.

பற்றுப் பக்கம் அழிந்தது

திண்டுக்கல் சீமை பிறகு மைசூர் கைக்குப் போனது. 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக இருந்தார். பின்னாளில் மைசூரையே ஆண்டவர் நம் மலைக்கோட்டையில் உத்தியோகம் பார்த்தவர். சிவகங்கை வேலு நாச்சியார் கணவரை இழந்து 1772-ல் நாடு விட்டு வந்தபோது அடைக்கலம் கொடுத்த ஊர் விருப்பாட்சி. பாளையக்காரர் பட்டத்தின் பற்றுப் பக்கத்தில் அதையும் எழுத வேண்டும்.

1792-ல் திப்பு செய்துகொண்ட உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனியிடம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் விருப்பாட்சி கோபால நாயக்கரையும், திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். எதிர்த்தவர்களின் கோட்டைகளை இடித்தார்கள். ஆயுதங்களைப் பறித்தார்கள்.

எதிர்க்காமல் தப்பியவர்களை என்ன செய்தார்கள்? அவர்களுக்கு 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி சனது எழுதிக் கொடுத்து ஜமீன்தார் ஆக்கினார்கள். வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டினால் போதும். படை வேண்டாம். காவலும் வேண்டாம், அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கோடு போட்ட கணக்கில் பற்றுப் பக்கத்தை ஏறக்குறைய முழுதாக அழித்துவிட்டு, வரவுப் பக்கத்தை அப்படியே விட்டுவைத்தார்கள்.

கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அழித்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? முதலில் லாபம் போலத் தெரியும். பிறகு ஆட்டம் காணும். அதேதான் நடந்தது.

காவல் காத்தவர்கள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். சிவகங்கையைப் பாருங்கள். கம்பெனி நியமித்த ஜமீன்தார் கௌரி வல்லப உடையத் தேவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். அண்ணன் வழியினர் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் மகளுக்கே சொத்து என்று தீர்ப்பானது. ஜமீன் அவர் அப்பா தானாகச் சம்பாதித்த சொத்து, அதனால் கூட்டுக் குடும்பமாக இருந்தாலும் அது பெண் வழிக்குப் போகும் என்றார்கள். 34 வருஷம்! இன்றும் இந்து வாரிசுரிமை படிக்கிற சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கடன். விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி காலத்தில் ராமநாதபுரம் ஜமீன் கடனில் சிக்கியது. பல ஜமீன்களின் நிலை இதுதான். ஜமீன்தார்கள் சொத்தை விற்றும் அடமானம் வைத்தும் தீர்த்துவிடாமல் இருக்க, அரசாங்கம் 1904-ல் ஒரு சட்டமே போட்டது. பங்கு போட முடியாத ஜமீன்கள் என்று ஒரு பட்டியல். அதில் உள்ளவர்கள் தங்கள் ஆயுளுக்கு மேல் சொத்தைக் கட்டுப்படுத்தும்படி கடன் வாங்க முடியாது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. அதுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் ஆனது. முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் என்று சொல்லப்பட்ட சிங்கம்பட்டி முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல்தான் காலமானார். ஆடி அமாவாசையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அவரைப் பார்த்தவர்கள் இங்கேகூட இருக்கலாம்.

பரம்பரை என்று பெயர். ஆனால் சாவி வெள்ளைக்காரன் கையில். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண்ணைத் திருமணம் செய்தார். பிறந்த மகனை வாரிசாக ஏற்க வெள்ளை அரசு மறுத்துவிட்டது. 1928-ல் அவர் காலமானதும் உறவில் ஆறு வயதுப் பிள்ளையான ராஜகோபாலத் தொண்டைமானை அரியணையில் உட்கார வைத்தார்கள். சொந்த ரத்தம் வெளியே, அரசாங்கம் கைகாட்டிய பிள்ளை உள்ளே. பரம்பரை உரிமை என்பதற்கு அவ்வளவுதான் பலம்.

பட்டாவும் பட்டமும்

இந்த நேரத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரைச் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவில் 1761-ல் பிறந்த தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிறவனுக்கே பட்டா கொடுத்து அவனிடமே நேராக வரி வாங்கு என்று வாதாடியவர். அதுதான் ரயத்துவாரி முறை. 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னர். பட்டம் வேண்டாம், பட்டா போதும் என்று சொன்ன மாதிரிதான்.

அந்த மன்றோவுக்கு 1825-ல் பாரோனெட் பட்டம் கொடுத்தார்கள். அது பரம்பரையாகப் போகும் பட்டம். அவருக்குப் பின் மகனுக்கும் போனது! நம் ஊரில் பரம்பரைப் பட்டத்தை மட்டுப்படுத்தியவர்கள் தங்கள் ஊரில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறை சொல்லவில்லை. மனித சுபாவம் அது.

நாம் வேறு வழியில் போனோம். 1948-ல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜமீன் நிலங்கள் ரயத்துவாரிக்கு மாறின. அதே வருஷம் மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்தது. 1950 ஜனவரி 26, இதோ இன்றைய நாள், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆவது பிரிவு: ராணுவம், கல்வி தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு யாருக்கும் கொடுக்கக் கூடாது. குடிமகன் எந்த வெளிநாட்டிடமிருந்தும் பட்டம் வாங்கக் கூடாது. பத்ம விருதுகள்கூடப் பட்டம் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. 1971-ல் 26-ஆவது திருத்தம் வந்து, மன்னர்களின் அங்கீகாரமும் மானியமும் போயின. புதுக்கோட்டை அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. ராஜா உட்கார்ந்த இடத்தில் முதியோர் உதவித்தொகை மனுவோடு ஒரு பாட்டி நிற்கிறாள். எனக்கு அது ரொம்பப் பிடித்த காட்சி.

கிராமத்தில் கர்ணம், மணியம் என்று தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களில் இருந்த பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கர்ணம் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஸ்காட்லாந்திலும் சும்மா இல்லை. பிறப்பினாலேயே மேலவையில் உட்காரும் உரிமையைப் பெரும்பாலான பிரபுக்கள் 1999-ல் இழந்தார்கள். அங்கே பேரன் என்ற பட்டம் நிலத்தோடு ஒட்டியது, நிலத்தை வாங்கினால் பட்டமும் வரும். 2004-ல் நிலத்தையும் பட்டத்தையும் சட்டம் பிரித்துவிட்டது. இப்போது அது வெறும் பெயர்.

அங்கே இன்னொரு வேடிக்கை. ஒரு சதுர அடி நிலத்தை விற்று, நீங்களும் லேர்டு, நீங்களும் பிரபு என்று சான்றிதழ் அனுப்புகிற வியாபாரம் நடக்கிறது. என் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வங்கிக்காரன் சும்மா இருப்பேனா? பத்திரம் பதிவாகுமா என்று விசாரித்தேன். அந்த மாதிரி ஞாபகார்த்த நிலத்தை அங்கே நிலப் பதிவேட்டில் ஏற்றவே முடியாதாம். பட்டா இல்லாத பட்டம்!

டோக்கன் நம்பர்

இப்போது என் சொந்தக் கதை.

எண்பதுகளின் கடைசியில் நம் மாவட்டத்தில் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் இருந்தேன். ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை வருவார். பழைய ஜமீன் குடும்பம், சின்ன ஜமீன்தான். கணக்கில் அவர் பெயர் பட்டங்களோடு ஒன்றரை வரி இருக்கும். இருப்பு என்னவோ ஆயிரத்துச் சொச்சம்தான். அவர் வந்தால் மேலாளர் எழுந்திருப்பார், நாற்காலி வரும், காபி வரும்.

ஒருநாள் கூட்டமான நேரம். வரிசையில் முதல் ஆளாக நம் ஊர் நெசவாளி ஒருவர், பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாக நிற்கிறார். பெரியவர் வந்தார். நான் நெசவாளியின் சீட்டை ஓரம் தள்ளிவிட்டு, பெரியவரின் லெட்ஜரை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. என் கை தானாகப் போனது.

பெரியவர் பார்த்துவிட்டார். மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அவர் எனக்கு முன்னால வந்தவர். டோக்கன் நம்பரைப் பாருங்க. பேரைப் பாக்காதீங்க."

அந்த நெசவாளி ஒன்றும் பேசவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அவருடைய மௌனம்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. பெரியவர் சொல்லாவிட்டால் அவர் இன்னும் அரை மணி நேரம் நின்றிருப்பார், அது நியாயம் என்றே நினைத்திருப்பார். நானும் அப்படியே நினைத்திருப்பேன்.

சில வருஷம் கழித்துப் பெரியவர் காலமானார். மூன்று மகன்களும் பணம் கேட்டு வந்தார்கள். கணக்கில் ஒன்றரை வரிப் பெயர். இறப்புச் சான்றிதழில் வெறும் பெயர். இரண்டும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்க வேண்டியதாயிற்று. இத்தனை தலைமுறைப் பட்டத்தால் அந்தக் குடும்பத்துக்குக் கடைசியாகக் கிடைத்தது அந்த ஒரு அலைச்சல்தான். மகன்களில் ஒருவர்கூடப் பட்டத்தைப் போட்டுக் கையெழுத்திடவில்லை.

நம் வாசலில்

இனி நம் குடியிருப்புக்கு வருகிறேன்.

வாசல் பலகையைப் பாருங்கள். உரிமையாளர்கள் பெயர் பட்டத்தோடும், முன்னாள் பதவியோடும் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னால்கூட பி.காம். இருக்கிறது! அதில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். அவர்களுக்குப் பலகையில் பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும்தான். போன கோடையில் மோட்டார் எரிந்து இரண்டு நாள் தண்ணீர் இல்லாதபோது, ராத்திரி பதினோரு மணிக்கு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, டார்ச் பிடித்துக்கொண்டு கூட நின்றவர் யார்? இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி. பலகையில் பெயர் உள்ள நாங்கள் வாட்ஸ்அப்பில் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். உரிமையாளர்கள் மட்டுமே பேசலாம், கமிட்டியில் இருக்கலாம் என்று. அதை வழிமொழிந்தவன் நான். இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன், அது தவறு. வரவுப் பக்கத்தை எங்களுக்கு வைத்துக்கொண்டு, பற்றுப் பக்கத்தை வாடகைக்காரர்கள் தலையில் எழுதிவிட்டோம். 1802-ல் கம்பெனி போட்ட கணக்குதான் இது.

கட்டடத்தை விற்பது, பெரிய செலவு இதிலெல்லாம் உரிமையாளர் வாக்கு இருக்கட்டும். அது பட்டா விஷயம். தண்ணீர், லிப்ட், குப்பை, விழா இதிலெல்லாம் இங்கே வாழ்கிறவர் பேச வேண்டும், பொறுப்பு எடுக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இந்தத் திருத்தத்தை நானே கொண்டுவருகிறேன். பலகையையும் மாற்றுவோம். குடியிருப்பவர் பெயர் மட்டும், வீட்டு எண் வரிசையில். பி.காம். வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நம் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாரே, அவருடைய பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

(கூட்டத்தில் ஆறு கைகள் உயர்ந்தன. அதில் நான்கு, குழந்தைகளின் கைகள்.)

ஐயா, அம்மா, ஒரு காலத்தில் இந்தச் சீமையில் காவல் என்பது பாளையக்காரரின் பெரிய உரிமை. அதற்காகச் சண்டை போட்டார்கள், உயிரையும் விட்டார்கள். காவல் காத்தவருக்குத்தான் பல்லக்கு, பரிவட்டம். பட்டத்தின் வேரே அதுதான். அதே காவல் வேலையை இன்று செய்கிறவரை "ஏய் வாட்ச்மேன்" என்று கூப்பிடுகிறோம். பல்லக்கு வேண்டாம். பெயர் சொல்லி, "அண்ணே" என்று கூப்பிடுவோம். அடுத்த கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுவோம்.

பேரனுக்குப் போனில் பதில் சொல்லிவிட்டேன். "நம்ம ஊர்லயும் இருந்தாங்கப்பா. காவல் காத்தவரைக்கும் இருந்தாங்க." அவன் கேட்டான், "இப்ப யாரு தாத்தா காவல் காக்கிறா?"

அதற்கு நான் நம் காவலாளி அண்ணனின் பெயரைச் சொன்னேன். எனக்கே அது அன்று காலையில்தான் தெரிந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.